பக்கவாட்டு எலும்பு

கணபதி, கோவை
11.8.2025

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் போனை வாங்கிக் கூப்பிடாதே. பேசினால் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். எனக்கு இப்போது சிரிக்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் காகிதம்.

என் இடது கண் மறுபடி இறங்கிவிட்டது. ஆறு மாதமாகவே தெரியும். கரும்பலகையில் ஒரு கோடு போட்டால் எனக்கு இரண்டாகத் தெரிகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் "மிஸ், படம் கோணலா இருக்குங்க" என்கிறார்கள். போன மாதத்திலிருந்து வலியும் சேர்ந்துகொண்டது. அதனால் கண் குழியில் வரும் கட்டிகளை மட்டுமே பார்க்கும் டாக்டர் ஆஃப்ரினிடம் போனேன். 2018இல் நீ என்னை ஒரே ஒருமுறை கூட்டிக்கொண்டு போனாயே, அவரேதான்.

அவர் பழைய ஏட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "'என் கல்யாணம் முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்'னு உங்க அண்ணன் சொன்னாரே, ஏழு வருஷமா எங்கங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரோட்டிலேயே ஆபரேஷன் செய்துகொண்டேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். "இமைல வெட்டி, உள்ள இருந்து கொஞ்சம் எடுத்தாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் ஸ்கேனை எடுத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

2018இல் போன அன்றைக்கு என் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். நீ மட்டும் உள்ளே போனாய். அவர் உன்னிடம் என்ன சொன்னார்? எழுது.

மானசா


ஈரோடு
16.8.2025

அன்புள்ள மானசாவுக்கு,

அண்ணன் பிரவின்குமார் எழுதுவது. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. மஞ்சள் மண்டியில் நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

கண் விஷயத்தைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் பெரிய இடம் இருக்கிறது, நாளைக்கே காரை எடுக்கிறேன், நீ சரி என்று மட்டும் சொல்லு.

அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்கிறாய். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒருவனை எப்படி ஞாபகம் இருக்கும்? பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய ஆபரேஷன்தான் சொல்வார்கள். எலும்பை அறுக்க வேண்டும் என்றார். நான் பயந்து போனேன். ஈரோட்டு டாக்டர் இமையில் சின்னதாகக் கீறினால் போதும் என்றார். நல்ல கட்டிதான் என்று ரிப்போர்ட்டும் வந்தது. வீக்கமும் வடிந்தது. நீயே கண்ணாடியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாயே. திரும்ப வரும் என்று யாருக்கு அம்மணி தெரியும்?

தடுத்து வைத்திருப்பதை எடுத்துவிடு. அம்மா தினமும் கேட்கிறாள். உன் அண்ணியும் கேட்கிறாள். பாப்பா கனிஷ்கா, அத்தை ஏன் வீடியோவில் வரவில்லை என்று என் போனைப் பிடுங்குகிறாள்.

உன் அண்ணன்
பிரவின்குமார்


கணபதி, கோவை
20.8.2025

அண்ணனுக்கு,

டாக்டர் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன், தந்தார். 4.8.2018 என்று தேதி போட்டு, 'வெட்டிப் பார்க்கவே கூடாது என்று நோயாளியின் தமையனுக்கு விளக்கப்பட்டது. திருமணம் முடிந்து அழைத்து வருவதாகக் கூறினார். கடிதம் கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே உன் கையெழுத்து.

யாருக்குத் தெரியும் என்று கேட்கிறாய். உனக்குத் தெரியும்.

கண்ணீர்ச் சுரப்பியில் வந்த கட்டி அது. ஒரே உருண்டையாக, மெல்லிய உறைக்குள் இருந்திருக்கிறது. இப்போது ஐந்து முடிச்சுகள். டாக்டர் ஸ்கேனில் ஒவ்வொன்றாகப் பென்சிலால் காட்டினார். கண்ணுக்குப் பின்னால் ஒன்று, மேல் கூரை எலும்பை ஒட்டி இரண்டு, மற்ற இரண்டும் பழைய தழும்புக்கு அடியிலேயே. வலி இருப்பதால் கேன்சராக மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். அப்படியானால் கண் முழுவதையும் எடுக்க வேண்டி வரும்.

நான் இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ எனக்கு உண்மையைச் சொல்லப் போகிறாய். பாதி வேண்டாம். முழுசாக எழுது.

மானசா


ஈரோடு
27.8.2025

மானசா,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, உறையில் முதலில் உன் விலாசத்தை எழுதி ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன்.

அந்த டாக்டர் என்னை உட்கார வைத்து, படம் வரைந்து காட்டினார். கண்ணுக்குப் பக்கவாட்டில், நெற்றிப்பொட்டை ஒட்டி இருக்கிற எலும்பைக் கொஞ்சம் அறுத்து எடுத்துவிடுவார்களாம். அந்த வழியாகப் போனால் கட்டி கையில் அகப்படுமாம். உறை கிழியாமல் முழுசாக எடுத்த பிறகு, எலும்பைத் திரும்ப வைத்துச் சின்னத் தகடு போட்டுத் திருகிவிடுவார்களாம். "கிள்ளி எடுத்து டெஸ்ட் பண்றதுகூட கூடாதுங்க. உறை கிழிஞ்சா சிதறிரும். வருஷம் கழிச்சு முளைக்கும்" என்றார். எனக்குச் சொல்லவா வேண்டும்? மஞ்சள் வெட்டும்போது உடைந்து மண்ணில் தங்கின ஒரு விரலி, மறு வருஷம் கரும்புக்கு நடுவில் முளைத்து நிற்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நன்றாகப் புரிந்தது மானசா. புரியாமல் செய்யவில்லை.

முகம் வீங்குமா என்று கேட்டேன். நாலு வாரம் வீக்கமும் கறுப்பும் இருக்கும், பிறகு தழும்பு இமை மடிப்பிலேயே மறைந்துவிடும் என்றார். என் கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கல்யாணம் முடிச்சிட்டே வாங்க, ஒரு மாசத்துல ஒண்ணும் ஆகாது. அதுக்குள்ள யாரையும் வெட்ட மட்டும் விட்றாதீங்க" என்று சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். பேசாமல் இருந்திருந்தாலே போதும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் எனக்கு முடியாமல் போயிற்று.

ஏன் என்று கேட்பாய். பொண்ணு வீட்டுப் பெரியம்மா நிச்சயத்தன்று உன்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "ஏனுங்க, புள்ளைக்குக் கண்ணு ஒரு மாதிரி எறங்கியிருக்குதுங்களே. இணைச்சீருக்கு உங்க பங்காளி ஊட்டுப் புள்ளைய நிறுத்திக்கலாமுங்களே" என்று சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளை பக்கத்தில், கூறைச்சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கூடப் பிறந்தவள்தான் நிற்க வேண்டும். கூடப் பிறந்தவள் இல்லாதவன்தான் பங்காளி வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவான். அப்போது அப்பா போய் இரண்டு வருஷம். எனக்கென்று பக்கத்தில் நிற்க நீ ஒருத்திதான் இருந்தாய். உன் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்த எனக்கு மனசே வரவில்லை.

"என் தங்கச்சி எப்படி இருந்தாலும் அவதான் நிப்பா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. சம்பந்தி வீட்டைப் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. அவர்கள் வாயை அடைக்க, உன் கண்ணை வெட்டிச் சரி செய்யப் பார்த்தேன்.

ஈரோட்டு டாக்டரிடம் கோவைக்குப் போனதையே சொல்லவில்லை. கடிதத்தையும் காட்டவில்லை. கல்யாணத்துக்குள் வீக்கம் குறைய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் இமையில் கீறி, எட்டின வரைக்கும் எடுத்தார். நல்ல கட்டி என்று ரிப்போர்ட் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோவை டாக்டர் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணம் முடிந்த பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு போகாததற்கு ஒரே காரணம்தான். போனால் அவர் உன்னிடம் சொல்லிவிடுவார்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. உன் அண்ணிக்கும் தெரியாது. மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை. நான் செய்தது துரோகம். அதை எழுதிவிட்டேன்.

பிரவின்


கணபதி, கோவை
5.9.2025

அண்ணா,

உன் கடிதத்தை நேற்றுப் பள்ளி ஓய்வறையில் படித்தேன். இன்று விடுமுறை என்பதால் ஆசிரியர் தினத்தை நேற்றே கொண்டாடினார்கள். பிள்ளைகள் ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், நான் கையில் பூவோடு உட்கார்ந்து அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெண் எனக்கு இன்னொரு பூ கொடுத்தாள்.

உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையாகவே. சின்ன வயதில் உன் கையைக் கடித்த மாதிரி.

பிறகு ராத்திரி வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அதை எழுதாமல் விட்டால் நானும் உன்னைப் போலத்தான். அந்தப் பெரியம்மா சொன்னதை நான் கேட்டேன். கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். கோவையிலிருந்து திரும்பும்போது உன் சட்டைப்பையில் ஒரு நீள உறை துருத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி பெயர் போட்டிருந்தது. "என்னண்ணா அது?" என்று கேட்க அவிநாசி வரைக்கும் வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடும், இணைச்சீருக்கு வேறு பெண் நிற்பாள். எனக்கு நிற்க வேண்டும் என்று இருந்தது. எம்.எஸ்சி. படித்தவள், இருபத்தாறு வயது, என் கண்ணைப் பற்றி நானே ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. உன் பங்கை இது குறைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் 24ஆம் தேதி. மூக்கு வழியாகக் குழாய் விட்டு எடுக்கிறார்களாமே, முகத்தில் கத்தியே படாதாமே என்று டாக்டரிடம் கேட்டேன். அது கண்ணுக்கு உள்பக்கம் இருக்கிற கட்டிக்குத்தானாம். எனக்கு வெளிப்பக்கம். மூக்கு வழியாக வந்தால் நடுவில் பார்வை நரம்பைத் தாண்ட வேண்டுமாம். அன்றைக்குப் பக்கவாட்டு எலும்பு மட்டும் திறந்தால் போதுமாக இருந்தது. இப்போது மேல் விளிம்பு எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும், மூளை டாக்டரும் கூட நிற்பார். பழைய தழும்பையும் அதைச் சுற்றியிருக்கிற தசையையும் முடிச்சுகளோடு சேர்த்தே வெட்டி எடுப்பார்களாம்.

எடுத்ததை அங்கேயே உறைய வைத்துப் பார்ப்பார்கள். கேன்சர் என்றால் கண்ணையும் எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் டாக்டர் வெளியே வந்து, கூட இருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வாராம். அது அவர் வழக்கம்.

அம்மாவால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. நீ சொல்ல வேண்டும். 'எடுத்துருங்க' என்று சொல். என் முகத்தை நினைக்காதே, யோசிக்காதே. ஒரு வார்த்தைதான். இது உனக்கு நான் தரும் தண்டனை என்று வைத்துக்கொள். வேறு யாரையும் நம்ப முடியவில்லை என்றும் வைத்துக்கொள். எனக்கே எது என்று தெரியவில்லை.

இன்னொன்று. நான் கண் விழிக்கும்போது அம்மா இருக்கட்டும். நீ இருக்காதே.

மானசா


ஈரோடு
25.9.2025

மானசா,

நீ சொன்னபடி, உன்னை வார்டுக்குக் கொண்டு வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். அம்மா உன்னிடம் பாதி சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா காரமடை ரங்கநாதரையும் பண்ணாரி மாரியம்மனையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் 'எடுத்துருங்க, எடுத்துருங்க' என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். டீ வாங்கப் போன இடத்தில்கூட வாய் அதையே சொன்னது.

ஒன்றே கால் மணிக்கு டாக்டர் ஆஃப்ரின் வெளியே வந்தார். முடிச்சுகள் ஐந்தையும் எடுத்தாயிற்று என்றார். பிறகு, "உறைய வச்சுப் பார்த்ததுல நாலு சுத்தமா இருக்குங்க. கண்ணுக்குப் பின்னால இருந்தது சந்தேகமா இருக்கு. கேன்சர்னு உறுதியாச் சொல்லவும் முடியல, இல்லைன்னு சொல்லவும் முடியல. முழு ரிப்போர்ட்டுக்கு ஒன்பது பத்து நாள் ஆகும். அவங்க கேன்சர்னா எடுங்கன்னு எழுதியிருக்காங்க. சந்தேகம்னா என்ன செய்யணும்னு எழுதல" என்றார். இப்போதே எடுத்தால் ஒரே ஆபரேஷனோடு முடியும். கேன்சர் இல்லை என்று பிறகு வந்தால், நல்ல கண்ணை எடுத்ததாகிவிடும். இப்போது மூடிவிட்டு, கேன்சர் என்று வந்தால், மறுபடி திறக்க வேண்டும். கொஞ்ச நாள் தாமதமும் ஆகும். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னவாமாப்பா, என்னவாமா?" என்றாள்.

நீ யோசிக்காதே என்று எழுதியிருந்தாய். யோசித்தேன். எடுக்கச் சொல்லி வாய் வந்தது, பழகி வைத்திருந்தேன் அல்லவா. வேண்டாம் என்று சொல்லவும் ஆசை வந்தது, கண் பிழைத்தால் என் பாவமும் கொஞ்சம் குறையுமே என்று. இரண்டுமே என்னைப் பற்றின யோசனையாகத்தான் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் நான் உனக்குப் பதிலாகப் பேசினேன். மறுபடியும் அதே மாதிரி, அதே டாக்டர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

"மூடிருங்க மேடம். அவ எந்திரிச்சதும் அவளையே கேளுங்க" என்று சொன்னேன்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. இந்தப் பத்து நாளில் அது பரவினால் அதுவும் என்னால்தான். அந்தப் பயத்தோடுதான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பிரவின்


கோவை
29.9.2025

அண்ணா,

கட்டுக்கு வெளியே இருக்கிற ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி ஏறி இறங்கும்.

உன்னை ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அதைக்கூட உன்னால் சொல்ல முடியவில்லை. கண் விழித்ததும் எது இருக்கிறது எது போய்விட்டது என்று தெரிந்து, அழுது முடித்து, தூங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது கட்டுக்குள் ஒரு கண் இருக்கிறது. என்னுடையதா இல்லையா என்று தெரியாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். இதற்கு எடுத்திருக்கலாம். டாக்டர் தினமும் வந்து, "பயமா இருக்காங்க?" என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன்.

அம்மாவிடம் 2018ஐப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாமே. அவள் உன்னோடு பேசவில்லை என்றாள். ஆரஞ்சு உரித்து உரித்து வைக்கிறாள்.

எழுதாதே.

மானசா


ஈரோடு
6.10.2025

மானசா,

எழுதாதே என்றாய். நாலு வரிதான்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் நம்பரைக் கொடுத்திருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். வந்து வாங்கிக்கொண்டேன். டாக்டர் என்ன இருக்கிறது என்று சொல்ல வந்தார். எனக்குச் சொல்லாதீர்கள், என் தங்கச்சிக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு உட்கார நாற்காலி போட்டார்.

உறையைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஒட்டின மாதிரியே இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. உன் பெயர் போட்டிருக்கிறது.

பிரவின்


கணபதி, கோவை
10.10.2025

அண்ணா,

உறையை டாக்டர் ஆஃப்ரினிடம் கொண்டுபோய், அவர் முன்னால் பிரித்தேன். கண்ணுக்குப் பின்னால் இருந்த முடிச்சில் இருக்கிறது. கேன்சர்தான்.

அவர் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். கண்ணை வைத்துக்கொண்டு கதிர் வைத்தியம் செய்தால் என்ன ஆகும், கண்ணையும் சுற்றியுள்ள சதையையும் சேர்த்து எடுத்தால் என்ன ஆகும், எதில் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள், எது எனக்கு வலிக்கும். ஒன்றரை மணி நேரம். வெளியே மற்றவர்கள் காத்திருந்தார்கள். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். தெரியாது என்று டாக்டர் ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். கடைசியில், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கண்ணை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இன்று காலை போய், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நானே சொன்னேன்.

நீ அன்றைக்கு எடுக்கச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஆபரேஷன் மிச்சமாகியிருக்கும். உன் மேல் கோபம் போகவில்லை. போகும் என்றும் நான் எழுதமாட்டேன். அம்மாவுக்கும் போகவில்லை, அவளிடம் நீதான் பேசிக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு என்னைச் சேர்ப்பார்கள். கூட இருப்பவர் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை உன்னிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நான் எந்திரிக்கும்போது என் வலது பக்கத்தில் நில். இடது பக்கம் நின்றால் எனக்குத் தெரியாது.

மானசா